பசித்த மூக்கின் காவல்

கூழைக்கடா தெரியுமல்லவா? அலகுக்குக் கீழே பெரிய பை தொங்குமே, அந்தப் பறவைதான். அந்தக் காட்டில் கூழைக்கடாக்கள்தான் வண்டி, வாகனம் எல்லாம். முயலோ அணிலோ ஓணானோ, ஏரியைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பைக்குள் ஏறி உட்கார வேண்டியதுதான். நீந்திப் போகலாமே என்கிறீர்களா? தாராளமாகப் போகலாம். ஏரி முழுக்க முதலை!

பறவைகள் கிளம்பும் இடத்துக்குப் பறவைத்துறை என்று பெயர். துறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் கீரிகள் காவல் நின்றன. அவற்றில் ஒருத்தி வெடுக்கி. வெடுக்கென்று பேசுவாள், வெடுக்கென்று வேலையை முடிப்பாள். அதனால் அந்தப் பெயர்.

வேலை என்ன? மோந்து பார்ப்பது. முன்னொரு காலத்தில் ஒரு விரியன் பாம்பு யாருடைய மூட்டைக்குள்ளோ ஒளிந்து பைக்குள் ஏறிவிட்டதாம். நடு வானத்தில் தலையை வெளியே நீட்டியதாம். பறவையும் போச்சு, பயணிகளும் போச்சு. அன்றிலிருந்து கீரி மோந்து பார்க்காமல் ஓர் எறும்பு கூடத் துறைக்குள் போகக் கூடாது என்று காட்டுச் சட்டம்.

பாம்பு வாசனை பட்டால் கீரிக்கு உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நிற்கும். நின்றால் பாம்பு. நிற்கவில்லை என்றால், "போ, போ! அடுத்த ஆள் வா!" அவ்வளவுதான் வேலை. ஆனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வாசலை விட்டு ஓர் அடி நகர முடியாது. இரை தேட ஏது நேரம்? அதனால் காவல்காரக் கீரிகளுக்குச் சாயங்காலம் ஆனதும் பத்தாயக் குகையிலிருந்து படி அளப்பார்கள். கொஞ்சம் கருவாடு, கொஞ்சம் காய்ந்த வெட்டுக்கிளி. அதை வைத்துத்தான் வெடுக்கியும் அவளுடைய ஒரே குட்டியும் காலம் தள்ளினார்கள். குட்டி இன்னும் பால் மறக்கவில்லை. அம்மா தின்றால்தான் குட்டிக்குப் பால்.

துறை வாசலுக்கு எதிரேயே இருந்த பத்தாயக் குகையை இரண்டு பாறைகள் மூடியிருந்தன. ஒன்றைக் காட்டுச் சபைப் பெரியவரான யானையார்தான் தள்ள வேண்டும். மற்றதை இன்னொரு பெரியவரான கரடியார்தான் தள்ள வேண்டும். ஒருவரே உள்ளே போய் மொத்தத்தையும் வழித்து நக்கிவிடக் கூடாதே என்று எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்கும் வரைக்கும்!

ஒரு நாள் காட்டுச் சபையில் புதுக் குளம் வெட்டுகிற பேச்சு வந்தது.

"குளம் கிழக்கேதான் வெட்டணும்!" என்றார் யானையார்.

"வெட்டினா மேற்கே வெட்டட்டும், இல்லேன்னா குளமே வேண்டாம்!" என்றார் கரடியார்.

"அப்படியா? கிழக்கேன்னு நீர் ஒத்துக்கிற வரைக்கும் என் பாறையை நான் தள்ளமாட்டேன்!"

"அப்ப நான் மட்டும் என்ன இளிச்சவாயனா? மேற்கேன்னு நீர் சொல்ற வரைக்கும் என் பாறையும் நகராது!"

இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். குளத்துக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் சபையின் தண்டோராக் குரங்கு பறவைத்துறைக்கு வந்தது. கழுத்தில் தப்பு மேளம். டம் டம் டம் என்று தட்டியது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்! இன்னியிலிருந்து பத்தாயம் மூடல்! தேவையில்லாத வேலைக்காரங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்! தேவையான வேலைக்காரங்க மட்டும் தவறாம வேலைக்கு வரணும்!"

வாசலில் தோகை விரித்து ஆடி வரவேற்கும் மயில் ஒன்று உண்டு. அது பயத்தோடு கேட்டது: "நான் தேவையா, தேவையில்லையா?"

"நீ தேவையில்லை. கிளம்பு!"

பாவம், மயிலுக்கு முகம் செத்துப்போயிற்று. தோகையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தது.

வெடுக்கி ஓர் அடி முன்னால் வந்தாள். "நாங்க?" என்றாள்.

"நீங்களா? நீங்க ரொம்ப ரொம்பத் தேவை! கீரி இல்லேன்னா துறை ஏது?"

வெடுக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற தொப்பளானைத் திரும்பிப் பார்த்தாள். தொப்பளானும் காவல்காரக் கீரிதான். சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதல் பிரியம் உள்ளவன். அவன் பெருமைப்படவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அப்ப சாயங்காலம் படி?"

"படி கிடையாது! பத்தாயம் மூடியிருக்குன்னு இப்பத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்?"

"அப்ப வேலை?"

"வேலை உண்டு! நீங்கதான் தேவையாச்சே!"

வெடுக்கி தலையைச் சொறிந்தாள். "இருங்க, இருங்க. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. மயில் தேவையில்லை. அதனால அது காட்டுக்குப் போய்ப் புழு பூச்சி பொறுக்கித் தின்னலாம்."

"ஆமா."

"நான் ரொம்பத் தேவை. அதனால நான் இங்கேயே நின்னு பட்டினி கிடக்கணும்."

"கரெக்டாப் பிடிச்சுட்டியே!" என்றது குரங்கு.

"அப்ப நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தப்பா? நீ தங்கமான வேலைக்காரி! பாறை திறந்ததும் விட்டுப்போன படியை எல்லாம் சேர்த்து மொத்தமாக் கொடுத்துடுவாங்க. ஒரு துண்டு கூடக் குறையாது."

"எப்பத் திறக்கும்?"

"அது எனக்கென்ன தெரியும்?"

"சபைக்காரங்களுக்கும் இப்படித்தானா? யானையாரும் பட்டினியா?"

குரங்கு பல்லைக் காட்டியது. "அவங்களுக்கு அக்கரையிலிருந்து தனியா வருதும்மா. யானையாருக்குக் கரும்பு, கரடியாருக்குத் தேன். கூழைக்கடா தினமும் கொண்டுவந்து இறக்குதே, நீ பார்க்கிறதில்ல? அது பத்தாயக் கணக்குல சேராது!"

டம் டம் டம். குரங்கு போய்விட்டது. வெடுக்கி நின்ற இடத்திலேயே நின்றாள். தேவையானவளுக்குச் சோறில்லை, தேவையில்லாதவருக்குச் சோறு உண்டு. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு தலைகீழாகவே வந்தது. நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது, பெரியவர்கள் யோசிக்காமலா செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு மோந்து பார்க்கப் போனாள். நல்ல ஜென்மம்!

முதலில் சமாளித்தாள். வளையில் மிச்சம் இருந்த கருவாட்டுத் தலையைச் சப்பிக்கொண்டு ஓட்டினாள். அப்புறம் அதுவும் தீர்ந்தது. இரவில் இரை தேடலாம் என்று பார்த்தால், கீரிக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது. ஒரு வண்டு கிடைத்தால் பெரிய விஷயம்.

ஒரு நாள் காலையில் தொப்பளான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, எனக்கு வயித்து வலி. நான் இன்னிக்கு வேலைக்கு வரலேன்னு சொல்லிடு."

"பொய் சொல்லாதடா! நீ எலி பிடிக்கப் போற!"

"பொய்யில்லக்கா. காலி வயிறும் வலிக்கும்" என்றான் அவன். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவனைப் பார்த்து இன்னொரு கீரிக்கு வயிற்று வலி வந்தது. அதைப் பார்த்து இன்னொன்றுக்கு. வாசலில் மிஞ்சியவள் வெடுக்கி ஒருத்திதான். எல்லாரும் போய்விட்டால் வாசல் என்ன ஆகும் என்ற ஒரே கவலை அவளைக் கட்டிப்போட்டிருந்தது.

வரிசை நீண்டது. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நாவல்மரம் வரை போயிற்று. பயணிகள் யானையாரையா திட்டினார்கள்? கரடியாரையா? எதிரே நிற்பவளைத்தான்!

"என்ன இது, ஆமை வேகத்துல மோந்து பார்க்கிற?" என்று கத்தியது ஓர் அணில்.

"ஏன், ஆமைன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?" என்று அதன் பின்னால் நின்ற ஆமை சண்டைக்கு வந்தது. அந்த வழக்கைத் தீர்த்து வைக்கும் வேலையும் வெடுக்கி தலையில் விழுந்தது.

நல்லவர்களும் இருந்தார்கள். ஓர் ஓணான் அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்து இரண்டு வெட்டுக்கிளிகளை இலையில் மடித்து நீட்டியது. "தாயி, இதை வாயில போட்டுக்க. யாரும் பார்க்கல!"

வெடுக்கி கையை நீட்டியேவிட்டாள். மரத்திலிருந்து தொப்பென்று குதித்தது தண்டோராக் குரங்கு.

"ஏய்! காவல்ல இருக்கிறவங்க பயணிகள்கிட்ட ஒரு துரும்பு வாங்கக் கூடாது! சட்டம் தெரியாதா உனக்கு?"

"படி கொடுக்கணும்னும் சட்டம் இருக்கே?"

"அந்தச் சட்டம் இப்ப மூடியிருக்கு. இந்தச் சட்டம் திறந்திருக்கு!"

வெடுக்கிக்குத் தலை கிறுகிறுத்தது. பசியாலா, குரங்கு சொன்னதாலா என்று அவளுக்கே தெரியவில்லை. வெட்டுக்கிளிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குரங்கு அந்த இலையைப் பறித்து, "இது சபைக்கு!" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் வளைக்குப் போனாள். குட்டி ஓடி வந்து மடியில் முட்டியது. முட்டி முட்டிப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தது.

"அம்மா, பால் வரலை."

"வரும்டா. இன்னும் கொஞ்சம் இழு."

"இழுத்துட்டேன். வரலைம்மா. நீ என் மேல கோபமா இருக்கியா?"

வெடுக்கி அழுதாள். ஊரையே காப்பாற்றுகிறேன் என்று நின்று, பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பாலுக்கு வழியில்லாமல் செய்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. வேலையை விட்டுவிடலாமா? விட்டால் வாசல் திறந்த வாசல். விடாவிட்டால் குட்டி பிழைக்காது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. அக்கரையில் அவள் தங்கை இருந்தாள். அவளும் குட்டி போட்டிருந்தாள், காவல் வேலையில் இல்லாததால் வயிறார இரை தின்று மடி நிறையப் பால் வைத்திருந்தாள். பத்தாயம் திறக்கும் வரை குட்டி அங்கே இருக்கட்டும்.

விடிந்ததும் குட்டியைக் கவ்விக்கொண்டு துறைக்கு வந்தாள். முதல் பயணத்துக்கு மடிவாயன் என்ற கூழைக்கடா தயாராக நின்றது.

"மடிவாயண்ணே, இவனை அக்கரையில என் தங்கச்சிகிட்ட சேர்த்துடுங்க. பத்திரம்!"

"என் பையில ஏறினவனுக்கு என்னம்மா பயம்? நீ மோந்து பார்த்து அனுப்புற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கிட்டுப் பறப்பேன்!" என்றது மடிவாயன்.

குட்டி பைக்குள் இறங்கியது. ஓர் ஓரமாகச் சுருண்டு படுத்து அம்மாவையே பார்த்தது. வெடுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அடுத்த ஆள் வா!"

அணில் வந்தது. மோந்தாள். எச்சில் ஊறியது. "சீச்சீ, அணிலைப் பார்த்தா எச்சில் விடுற?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "போ, போ, சீக்கிரம் போ!"

ஓணான் வந்தது. மறுபடியும் எச்சில் ஊறியது. நேற்று வெட்டுக்கிளி கொடுத்த புண்ணியவான்! வெடுக்கிக்கு வெட்கமாகப் போயிற்று. "போ, போ!"

தவளை வந்தது. எச்சில். ஆமை வந்தது. அதற்கும் எச்சில்! எதைப் பார்த்தாலும் சாப்பாடாகத் தெரிந்தது. எதை மோந்தாலும் குழம்பு கொதிக்கிற மாதிரி இருந்தது. மயிர் மட்டும் அசையவில்லை. சரி, பாம்பு இல்லை என்று அர்த்தம், மயிர்தானே கணக்கு என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

பொம்மக்கா என்ற முயல் ஒரு கட்டு அறுகம்புல்லைச் சுமந்துகொண்டு வந்தது.

"மகளுக்குப் பேறுகாலம் வெடுக்கி! அக்கரைப் புல்லு அவளுக்குப் பிடிக்காது. அதான் ராத்திரியே அறுத்துக் கட்டி வாசலோரமா வச்சிருந்தேன். சீக்கிரம் விடு ஆத்தா, வலி எடுத்துடப் போகுது!"

வெடுக்கி பொம்மக்காவை மோந்தாள். புல்லுக்கட்டை மோந்தாள். குபுக்கென்று வாய் நிறைய எச்சில். மயிர் அசையவில்லை.

"போ, போ! அடுத்த ஆள் வா!"

பை நிறைந்துவிட்டது. மடிவாயன் அலகை மூடியது. கனத்த பறவை, நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் தடதடவென்று ஓடித்தான் மேலே கிளம்பும். இறக்கையை விரித்தது. கரையோரமாக ஓடத் தொடங்கியது.

வெடுக்கி வாயைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஆளை மோந்தாள். அது ஒரு கிழட்டு நத்தை. எச்சில் ஊறியது. நத்தை தின்னக்கூடிய பொருள்தானே, ஊறட்டும் என்று நினைத்தாள். அணில் தின்னக்கூடியது. ஓணானும் தவளையும் அப்படித்தான். முயலைக் கூட ஆத்திர அவசரத்துக்குத்...

சட்டென்று நின்றாள்.

புல்லுக்கட்டு!

கீரி எந்தக் காலத்தில் புல் தின்றது? புல்லை மோந்தால் எனக்கு ஏன் எச்சில் ஊற வேண்டும்?

வயிறு நிறைந்த கீரிக்குப் பாம்பு பகை. மோந்ததும் மயிர் சிலிர்த்துக்கொள்ளும். பட்டினி கிடக்கும் கீரிக்குப் பாம்பும் ஒரு சாப்பாடு. வாய்தான் ஊறும், மயிர் எங்கே நிற்கும்? அவள் மூக்கு பாம்பைக் கண்டுபிடித்துத்தான் இருந்தது. அதைச் சாப்பாடு என்று சொல்லி அனுப்பிவிட்டது. அதுவும் எங்கே? அவள் குட்டி இருக்கும் பைக்குள்!

"ஐயோ! மடிவாயண்ணே! நில்லுங்க! பாம்பு! பாம்பு!"

அலகை மூடிக்கொண்டு இறக்கையைப் படபடவென்று அடித்து ஓடுகிற பறவைக்குக் காது எங்கே கேட்கும்? வெடுக்கி வாசலை விட்டாள். கரையோரம் ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் ஏறினாள். பறவை பக்கத்தில் வந்த நொடியில் கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தில் பாய்ந்தாள்.

மடிவாயன் குப்புற விழுந்தது. அலகு பிளந்தது. அணில், ஓணான், தவளை, ஆமை, முயல் எல்லாரும் கரையோரச் சேற்றில் உருண்டார்கள். குட்டியும் உருண்டது. அதன் பக்கத்திலேயே புல்லுக்கட்டு விழுந்து பிரிந்தது. உள்ளேயிருந்து ஒரு விரியன் மெல்லத் தலையைத் தூக்கியது.

பொம்மக்கா வீல் என்று அலறியது. "என் புல்லுக்குள்ளயா? அடப் பாவி! எப்படா ஏறின?"

"நீ தூங்கும்போது" என்றது விரியன். அதன் கண் குட்டியின் மேல் இருந்தது. பேச்சு மட்டும் வெடுக்கி பக்கம் திரும்பியது. "என்னைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அக்கரையில பறவைக் கூடெல்லாம் முட்டையா நிறைஞ்சு கிடக்கு. அதுக்கு ஆசைப்பட்டு எத்தனையோ தடவை இந்த வாசல் வரைக்கும் வந்தேன். உன் மூக்குக்குப் பயந்து திரும்பிப் போனேன். பத்தாயத்தை மூடிட்டாங்கன்னு கேட்ட அன்னிக்குத்தான் எனக்கு நல்ல காலம் பிறந்தது. உன் வாசலைத் திறந்துவிட்டது நானில்லை, வெடுக்கி. உன் பெரியவங்க!"

வெடுக்கி குட்டிக்கும் பாம்புக்கும் நடுவில் போய் நின்றாள். நிற்கத்தான் முடிந்தது. பாய உடம்பில் தெம்பில்லை. விரியன் அதைப் பார்த்துவிட்டது. பின்னுக்கு வளைந்து கொத்தத் தயாராயிற்று.

அந்த நேரத்தில் மடிவாயன் சேற்றிலிருந்து எழுந்தது. நீண்ட அலகால் பாம்பைப் பின்னாலிருந்து லபக்கென்று பிடித்தது. ஒரு சுழற்று சுழற்றி ஏரியின் நடுவே வீசியது. தண்ணீர் ஒரு தடவை கலங்கி அடங்கியது. அன்றைக்கு முதலைக்குப் படி கிடைத்தது.

வெடுக்கி குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். டம் டம் டம்! ஓடி வந்தது குரங்கு.

"காவல்ல கவனக்குறைவு! வாசலை விட்டு நகர்ந்த குற்றம் வேற! வெடுக்கிக்கு வேலை போச்சு!"

"போகட்டும்!" என்றது மடிவாயன். அதற்கு வந்த கோபத்தில் பை கிடுகிடுவென்று ஆடியது. "அடுத்து எந்தக் கீரியைப் பட்டினி போட்டு இங்கே நிறுத்தப் போற? சொல்லு! நான் இந்த மூக்கை நம்பிக் கண்ணை மூடிப் பறக்கிறவன். அந்த மூக்குக்கே சோறில்லையாம்! இனிமே பறக்கணும்னா நீயே பற!"

மடிவாயன் அலகை மூடி இறக்கையை மடக்கி உட்கார்ந்துவிட்டது. விஷயம் பரவியது. அக்கரையில் இருந்த கூழைக்கடாக்களும் ஒவ்வொன்றாக இறக்கையை மடக்கின. வானத்தில் ஒரு சிறகடிப்பு இல்லை.

மத்தியானம் யானையாருக்குக் கரும்பு வரவில்லை. கரடியாருக்குத் தேன் வரவில்லை.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அந்த ஓட்டத்தை! கிழக்கேயிருந்து யானையார் ஓடி வந்தார். மேற்கேயிருந்து கரடியார் ஓடி வந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு பாறையும் ஒரே சமயத்தில் கடகடவென்று உருண்டன.

வெடுக்கி வாயைப் பிளந்தாள். "ஐயா, குளம்? கிழக்கேயா, மேற்கேயா?"

"அது கிடக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார் யானையார்.

"ஆமாமா, நிதானமாப் பேசிக்கலாம்" என்றார் கரடியார்.

நிதானமாகப் பேசிக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கா என் குட்டி பாலில்லாமல் கிடந்தது? பாறையை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியும் என்றால், முந்தாநாளே ஏன் தள்ளவில்லை? வெடுக்கிக்கு எங்கே தொடங்கி யோசிப்பது என்றே தெரியவில்லை. வேலை போச்சு என்று சொன்ன குரங்கே மறுபடியும் வந்து, "வேலை போகலை, போகலை! நாளைக்கு நேரத்துக்கு வந்துடு!" என்றது.

பிறகு கருவாட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டியது. பெரிய குவியல். பசி கிடந்த நாட்களின் படி மொத்தமும் அதில் இருந்தது.

"பார்த்தியா? சொன்ன மாதிரியே ஒரு துண்டு குறையலை. உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சரிதானே?"

வெடுக்கி ஆவலோடு தின்றாள். கொஞ்சம் தின்றதுமே வயிறு முட்டிவிட்டது. ஒரு வயிற்றில் ஒரு வேளைச் சோறுதானே போகும்! மிச்சக் குவியலைப் பார்த்தாள். மடியில் முட்டிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தாள். விலா எலும்பு தெரிந்தது. பால் இன்னும் ஊறவில்லை. ஊற நாளாகும்.

"ஐயா" என்றாள், யானையாரையும் கரடியாரையும் பார்த்து. "எனக்கு நிஜமாவே புரியலை. கேட்டாக் கோபிக்கக் கூடாது. இந்தக் குவியல்ல எந்தக் கருவாட்டைத் தின்னா என் பிள்ளையோட நேத்தைய பசி தீரும்? அதை மட்டும் எடுத்துக் கொடுங்க."

யானையார் குவியலைப் பார்த்தார். தும்பிக்கையை நீட்டினார். எதை எடுப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார். கரடியார் காதைச் சொறிந்தார். காட்டுச் சபையின் வரலாற்றில் அன்றுதான் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே கருத்தோடு இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை.

வெடுக்கி காத்திருந்து பார்த்தாள். பிறகு வாசலுக்குப் பக்கத்திலேயே குழி தோண்ட ஆரம்பித்தாள். கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டு மண்ணைத் தள்ளினாள்.

பொம்மக்கா அருகில் வந்து எட்டிப் பார்த்தது. "எதுக்கு ஆத்தா புதைக்கிற? அதான் பத்தாயத்தைத் திறந்துட்டாங்களே!"

"திறக்கத் தெரிஞ்சவங்களுக்கு மூடவும் தெரியும் பொம்மக்கா" என்றாள் வெடுக்கி.

பத்தாயம் திறந்த சேதி கேட்டுத் தொப்பளான் வந்தான். அவனும் தன் பங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் தோண்டினான். மற்றக் கீரிகளும் வந்து தோண்டின. யானையாரும் கரடியாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தலை குனிந்துதான் நின்றார்கள் என்று சொல்கிறார்கள்.

நம்மைக் காத்து நிற்பவருக்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுக்காமல், நம்முடைய சண்டைக்கு அவர்களுடைய வயிற்றைப் பணயம் வைத்தால், பறிபோவது அவர்களுடைய சோறு மட்டுமல்ல, நம்முடைய காவலும்தான்.